பொறியில் விழும் ஈயும் பாகற்காயைக் கெடுக்கும் ஈயும்

வாசகர் கேள்வி, 18 பிப்ரவரி 2024

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் வட்டாரத்துச் சமூகத் தோட்டமொன்றில் எங்கள் குழு பாகற்காய், பீர்க்கங்காய், கத்திரிக்காய், மிளகாய் ஆகியவற்றைப் பயிரிடுகிறது. சென்ற மாதம் இணையத்தில் பழ ஈப் பொறி ஒன்றை வாங்கித் தொங்கவிட்டோம். ஒரே வாரத்தில் குப்பி பாதிவரை ஈக்களால் நிறைந்துவிட்டது. ஆயினும் பாகற்காயில் பத்துக்கு எட்டு புழு வைத்து, பிஞ்சிலேயே மஞ்சளாகி விழுகின்றன. பொறிதான் ஈக்களை வரவழைக்கிறது என்று குழுவில் பாதிப்பேர் சொல்கிறார்கள். இன்னும் நான்கு பொறிகள் வாங்க வேண்டும் என்று மறுபாதியினர் சொல்கிறார்கள். எது சரி?

18 பிப்ரவரி, இரவு

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிட வேண்டும். அடுக்களையில் கனிந்த வாழைப்பழத்தின் மேல் புகைபோல் சுழலும் சிறு ஈயைப் பலரும் பழ ஈ என்கிறார்கள். அது டிரோசோபிலா, புளித்த பழச்சாற்றில் வளரும் ஈஸ்ட்டைத் தின்ன வருவது. நீங்கள் கேட்பது டெஃப்ரிட்டிடே குடும்பத்தைச் சேர்ந்த உண்மையான பழ ஈ. அது வீட்டு ஈயின் அளவில், குளவியைப் போன்ற தோற்றத்தில் இருக்கும். பெண் ஈ தன் முட்டையிடும் ஊசியால் நல்ல காயின் தோலைத் துளைத்து உள்ளே முட்டைகளை வைத்துவிடும். இந்தக் குடும்பத்தில் ஏறத்தாழ 5000 இனங்கள் உள்ளன. நம் வட்டாரத்தில் பயிரைத் தொடுபவை அவற்றுள் மிகச் சிலவே.

உங்கள் குப்பியில் விழுந்தது ஆசியப் பழ ஈயாக, அதாவது பாக்ட்ரோசெரா டோர்சாலிஸாக இருக்கும். பொறி நன்றாக வேலை செய்கிறது. இன்னும் இரண்டு வாங்கி மாட்டுங்கள்.

19 பிப்ரவரி, காலை

நேற்றிரவு எழுதியதன் கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன். குப்பியில் விழுந்தது டோர்சாலிஸ்தான் என்றால், பாகற்காயைக் கெடுத்தது அதுவாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இருபத்தைந்து ஆண்டுகள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்து, கேள்வியை முழுவதும் படிக்காமல் விடை எழுதும் மாணவர்களைக் கண்டித்த நான் இப்படி எழுதியிருக்கக் கூடாது.

பொறியோடு வந்த கவர்ச்சிப் பொருளின் உறையைப் பாருங்கள். மெத்தில் யூஜினால் என்று போட்டிருந்தால் அதற்கு வருபவை டோர்சாலிஸ், நட்சத்திரப் பழ ஈயான கராம்போலே, பலாவையும் செம்படாக்கையும் தாக்கும் அம்ப்ரோசா போன்றவை. பாகல், பீர்க்கு, புடலை, வெள்ளரி ஆகியவற்றைத் துளைப்பது பூசணிப் பழ ஈ. முன்பு பாக்ட்ரோசெராவில் இருந்து, 2015க்குப் பின் சூகோடாக்கஸ் என்ற தனிப் பேரினத்துக்கு மாற்றப்பட்டது. அதன் ஆண்கள் மெத்தில் யூஜினாலைத் திரும்பியும் பார்ப்பதில்லை. அவை கியூலூர் என்ற வேறொரு பொருளுக்கே வருகின்றன.

அதைவிட முக்கியமான ஒன்று: இரண்டு பொருள்களும் ஆண் ஈக்களை மட்டுமே இழுக்கின்றன. காயைத் துளைப்பது பெண். ஆகவே உங்கள் குப்பியில் கிடக்கும் அத்தனை ஈக்களும், எந்த இனமாயினும், ஒரு காயையும் துளைத்திராதவை.

19 பிப்ரவரி, மாலை

பொறிதான் ஈக்களை வரவழைக்கிறது என்று சொல்பவர்களும் முற்றிலும் தவறாகச் சொல்லவில்லை. மெத்தில் யூஜினால் பல நூறு மீட்டர் தொலைவிலிருந்தும் ஆண் ஈக்களை இழுக்கக்கூடியது. உங்கள் தோட்டம் ஒரு வாகன நிறுத்துமிடத்தின் அளவுகூட இராது. சுற்றியுள்ள அடுக்குமாடிப் புளோக்குகளின் அடியில் நிற்கும் மாமரங்களிலும் ஜம்பு மரங்களிலும் பிறந்த ஈக்களை உங்கள் குப்பி எண்ணிக் காட்டுகிறது. அது அக்கம்பக்கத்தின் கணக்கு. உங்கள் தோட்டத்தின் கணக்கு அன்று. வந்தவை ஆண்களாதலால் பாகற்காய்க்குக் கேடு கூடவுமில்லை, குறையவுமில்லை.

24 பிப்ரவரி

ஈசூன் வட்டாரத்தில் எங்கள் தோட்டத்திலும் இதே தொல்லைதான் என்பதால் இன்று சோதனை தொடங்கினேன். முறை பழையது, செலவு ஏதுமில்லை. ஊசி குத்திய தழும்பும் பிசின் கசிவும் உள்ள ஆறு பாகற்காய்களைப் பறித்து எடை போட்டேன். மொத்தம் 740 கிராம். ஒவ்வொன்றையும் தனி ஐஸ்கிரீம் டப்பாவில் கம்பி வலையின் மேல் வைத்து, அடியில் சலித்த ஈர மணலைப் பரப்பி, வாயை மல்துணியால் கட்டினேன். முற்றிய புழு காயை விட்டுக் கீழே குதித்து மணலுக்குள் சென்று கூட்டுப்புழுவாகும். பழ ஈயின் புழு உடலை வளைத்து, வாயால் வாலைப் பற்றி, வில்லைப்போல் விடுபட்டுத் தாவும். பார்க்காதவர்கள் நம்ப மாட்டார்கள். என் கணவரும் நம்பவில்லை, ஒன்று அவருடைய செய்தித்தாளில் வந்து விழும்வரை.

காய்களைத் தனித்தனியே வைப்பதற்குக் காரணம் உண்டு. எல்லாவற்றையும் ஒரே வாளியில் போட்டால் எத்தனை ஈக்கள் வந்தன என்பது தெரியும். எத்தனை காய்கள் பாதிக்கப்பட்டன என்பது தெரியாது. பயிர்ச் சேதம் என்பது இரண்டாவது எண்.

26 பிப்ரவரி

எறும்புகள் வந்து இரண்டு டப்பாக்களைக் காலி செய்துவிட்டன. மீதியைச் சோப்பு நீர்த் தட்டின் நடுவே கல் வைத்து அதன்மேல் ஏற்றியிருக்கிறேன்.

28 பிப்ரவரி

ஒருவர் கருவாட்டுப் பொறியைப் பற்றிக் கேட்டிருந்தார். தமிழ்நாட்டில் பாகல், புடலைக்கு வேளாண் அலுவலர்கள் நெடுங்காலமாகப் பரிந்துரைத்து வரும் முறை அது. நனைத்த கருவாட்டுத் தூளையும் சில துளி பூச்சிமருந்தையும் துளையிட்ட பாலித்தீன் பையில் வைத்துக் கொடியில் தொங்கவிடுவார்கள். இதன் அருமை என்னவெனில், பெண் ஈயும் இதற்கு வரும். முட்டை முதிர்வதற்குப் பெண் ஈக்குப் புரதம் வேண்டும். அதைத் தேடி அது அலைகிறது. ஆகவே பெண்களைக் கணக்கெடுக்க விரும்புபவர் கவர்ச்சிப் பொருளை விட்டுப் புரதத்துக்குத்தான் போக வேண்டும்.

இங்கே அதைச் செய்து பார்த்தவர் என்ற முறையில் சில எச்சரிக்கைகள். நான் மருந்தை விட்டுவிட்டுக் கருவாட்டைச் சோப்பு நீரில் கரைத்துப் பாட்டில்களில் வைத்தேன். மூன்றாம் நாள் வட்டாரத்துப் பூனைகள் அனைத்தும் தோட்டக் குழுவில் சேர்ந்துவிட்டன. நான்காம் மாடியிலிருந்து நாற்றம் பற்றிப் புகார் வந்தது. ஐந்தாம் நாள் கொசுப் பெருக்கத்தைச் சோதிக்க வந்த அதிகாரி, மரத்தில் தொங்கும் நீர்ப் பாட்டில்களைப் பார்த்தபோது அவர் முகம் போன போக்கை மறக்க முடியாது. சோப்பு நீரில் கொசுப் புழு பிழைக்காது என்று வாதிடலாம். டெங்கி உள்ள ஊரில் அப்படி வாதிடும் நிலைக்கு வராமலிருப்பதே மேல். அன்றிலிருந்து உலர்ந்த பொறிகளை மட்டுமே வைக்கிறேன்.

3 மார்ச்

மணலைச் சலித்தேன். எறும்பு விட்டுவைத்த நான்கு காய்களிலிருந்து 61 கூட்டுப்புழுக்கள். அரிசி மணியைப் போன்ற வடிவம், வெளிர்பழுப்பு நிறம். ஒரு காயில் மட்டும் 27. இன்னொரு காயில் ஒன்றுகூட இல்லை; ஆனால் அதிலும் ஊசித் தழும்பு இருந்தது, காயும் கோணிப்போயிருந்தது. முட்டை பொரிக்காவிட்டாலும் குத்தியதே காயைக் கெடுத்துவிடுகிறது. புழுவை மட்டும் எண்ணுபவர் இந்தக் காயைச் சேதக் கணக்கில் சேர்க்க மாட்டார். சந்தைக்குக் கொண்டு போகிறவர் சேர்ப்பார்.

7 மார்ச்

காத்திருக்கும் நேரத்தில் ஒரு பழைய கதை. மெத்தில் யூஜினாலின் ஆற்றல் தற்செயலாகத் தெரியவந்தது. பீகாரின் பூசாவில் பணியாற்றிய ஹவ்லெட் என்ற பூச்சியியலாளர், கொசுவை விரட்டப் பூசும் சிட்ரோனெல்லா எண்ணெயை ஆண் பழ ஈக்கள் மொய்ப்பதை 1912இல் எழுதினார். அதிலுள்ள மெத்தில் யூஜினாலே காரணம் என்று 1915இல் காட்டினார். கொசுவுக்குப் பயந்து பூசிய எண்ணெய் வேறொரு பூச்சியை விருந்துக்கு அழைத்திருக்கிறது. துளசியிலும் இந்தப் பொருள் உண்டு. கசக்கிய துளசி இலையைப் பொறியில் வைத்து மாந்தோப்பில் தொங்கவிடும் வழக்கம் இந்தியாவில் உள்ளது.

கடைகளில் இதை இனக்கவர்ச்சிப் பொறி என்று விற்கிறார்கள். சரியான பெயரன்று. பெண் ஈ இந்த மணத்தை வெளியிடுவதில்லை. டோர்சாலிஸின் ஆண் இந்தப் பொருளைத் தின்று, உடலில் மாற்றி, குடலின் கடைசியிலுள்ள சுரப்பியில் சேமித்து, அந்தி வேளையில் தானே மணமாக வெளிவிட்டுப் பெண்ணை அழைக்கிறது. நம் காடுகளில் புல்போஃபில்லம் வகை ஆர்க்கிட் மலர்கள் சில இந்த ஆசையை அறிந்தவைபோல் மெத்தில் யூஜினாலைச் சுரந்து, மொய்க்கும் ஆண் ஈயின் முதுகில் மகரந்தத்தை ஒட்டி அனுப்பிவிடுகின்றன. பொறி வைப்பதில் ஆர்க்கிட் நமக்கு மூத்தது.

11 மார்ச்

ஈக்கள் வெளிவரத் தொடங்கின. உடனே கொன்று பார்க்க வேண்டாம். புதிதாக வெளிவந்த ஈ வெளிறியிருக்கும். அடையாளம் காண உதவும் நிறமும் கோடுகளும் பதிய மூன்று நான்கு நாள்கள் ஆகும். சர்க்கரை நீரில் தோய்த்த பஞ்சைக் கொடுத்து உயிரோடு வைத்திருக்க வேண்டும். இந்த அவசரத்தில்தான் முன்பு ஒருமுறை ஒரு பெட்டி முழுவதையும் தவறாகப் பெயரிட்டேன்.

15 மார்ச்

வெளிவந்த ஈக்கள் 48. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்சில் பார்த்தால் ஐயத்துக்கே இடமில்லை. செம்பழுப்பு உடல், முதுகில் மூன்று மஞ்சள் கோடுகள், சிறகின் நுனியில் கருந்திட்டு, அதற்குச் சற்று உள்ளே சாய்வான பழுப்புப் பட்டை. நாற்பத்தெட்டும் பூசணிப் பழ ஈ. ஒரு டோர்சாலிஸ்கூட இல்லை. அதே மூன்று வாரங்களில் எங்கள் தோட்டத்து மெத்தில் யூஜினால் பொறியில் விழுந்தவையோ, நான் எண்ணுவதை நிறுத்தும்வரை, அனைத்தும் டோர்சாலிஸ் வகை: கறுத்த முதுகில் இரண்டே மஞ்சள் கோடுகள், சிறகின் முன்விளிம்பில் மட்டும் மெல்லிய கருங்கோடு, வயிற்றில் ஆங்கில T எழுத்து.

கூடுகளிலிருந்து ஈக்களோடு மூன்று சிறிய குளவிகளும் வந்தன. ஈப்புழுவின் உடலுக்குள் முட்டையிட்டு அதைத் தின்று வளர்பவை. எந்தக் கவர்ச்சிப் பொறியும் இவற்றைக் காட்டாது. புழு விழுந்த காய்களை மருந்தில் முக்கி எறியும் தோட்டத்தில் இவையும் சேர்ந்து அழிகின்றன.

16 மார்ச்

உட்லண்ட்ஸ் நண்பர் உறையைப் படித்துப் பார்த்திருக்கிறார். மெத்தில் யூஜினால்தான்.

17 மார்ச்

நேற்று முன்தினம் நான் டோர்சாலிஸ் வகை என்று எழுதியதற்கு, இங்கே இருப்பது பப்பாளிப் பழ ஈ என்று தாம் படித்ததாக ஒருவர் திருத்தினார். அவர் படித்த நூல் பழையது. அவர் மேல் குற்றமில்லை. 1994இல் டுரூ, ஹான்காக் என்ற பூச்சியியலாளர்கள் இருவரும் டோர்சாலிஸ் கூட்டத்தைப் பல இனங்களாகப் பிரித்து, தென்கிழக்காசியாவிலுள்ளதைப் பப்பாயே என்றும், நட்சத்திரப் பழத்தை விரும்புவதைக் கராம்போலே என்றும் அழைத்தனர். 1995இல் ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் பகுதிக்குள் பப்பாயே புகுந்ததாக அறிவித்து, 1999இல் ஒழித்தும் முடித்தார்கள். 2003இல் கென்யாவில் கண்ட ஈக்கு இன்வாடென்ஸ் என்று தனிப் பெயர் வைத்தார்கள். பிறகு பல நாட்டு ஆய்வாளர்கள் கூடி, பப்பாயே, இன்வாடென்ஸ் எல்லாம் டோர்சாலிஸே என்று 2015இல் ஒன்றாக்கிவிட்டனர். கராம்போலே மட்டும் தனி இனமாகத் தப்பியது.

இது வெறும் பெயர்ச் சண்டையாகத் தோன்றலாம். ஆனால் ஒரு நாடு, அந்த இனம் எங்களிடம் இல்லை என்று சொல்லித்தான் இன்னொரு நாட்டின் பழத்தைத் தடுக்கிறது. பெயர் மாறினால் தடையின் அடிப்படையே மாறுகிறது.

கராம்போலேயையும் டோர்சாலிஸையும் என் கைலென்சால் உறுதியாகப் பிரிக்க முடியும் என்று முன்பு நம்பியிருந்தேன். கராம்போலேயின் சிறகுக் கோடு சற்றுத் தடித்து நுனியில் அகலும். வயிற்றின் நான்காம் வளையத்தின் ஓரக் கறை முக்கோணமாக இல்லாமல் செவ்வகமாக இருக்கும். நூலில் இவ்வளவு தெளிவு. தட்டில் இருபது ஈக்களை வைத்தால் ஐந்து ஈக்கள் நூலைப் படித்திராதவையாக இருக்கின்றன.

24 மார்ச்

டெங்கியைக் கட்டுப்படுத்த வொல்பாக்கியா என்ற நுண்ணுயிரி ஏற்றிய கொசுக்களை விட்டதுபோல் இதையும் ஒழித்துவிட முடியாதா என்று கேட்கிறார்கள். ஒழித்த இடங்கள் உண்டு. பசிபிக் கடலின் ரோட்டா தீவில் மெத்தில் யூஜினாலும் பூச்சிமருந்தும் ஊறிய நார்ப்பலகைத் துண்டுகளை விமானத்திலிருந்து வீசி, 1960களின் தொடக்கத்தில் டோர்சாலிஸை முற்றிலும் நீக்கினார்கள். ஓர் ஆண் பல பெண்களோடு சேரக்கூடியதால், ஏறக்குறைய எல்லா ஆண்களையும் பிடித்தால்தான் அந்த முறை பலிக்கும். ஜப்பானின் ஒகினாவாவில் பூசணிப் பழ ஈக்கு வேறு வழி: கோடிக்கணக்கில் வளர்த்து, கூட்டுப்புழுப் பருவத்தில் கதிர்வீச்சால் மலடாக்கி விட்டார்கள். 1972இல் கூமே தீவில் தொடங்கி, 1993இல்தான் முடிந்தது.

அவை கடல் நடுவிலுள்ள தீவுகள். நம் தீவுக்கும் மலேசியாவின் ஜொகூருக்கும் இடையே உள்ள நீரிணையில் பாலமே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான். ஒவ்வொரு விடியலிலும் லாரி லாரியாகப் பழமும் காயும் வருகின்றன. நாம் உண்பதில் 90 விழுக்காட்டுக்கும் மேல் வெளியிலிருந்து வருபவை. ஒழித்தாலும் மறுவாரமே புதிதாய்க் குடியேறும். ஏற்றுமதி செய்யப் பழத்தோட்டமும் நமக்கில்லை. இந்தியாவுக்கு நிலைமை வேறு. 2014 மே 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் மாம்பழத்தோடு பாகற்காய், புடலங்காய், கத்திரிக்காய், சேம்பு இலை ஆகியவற்றையும் நிறுத்தி வைத்தது. பழ ஈ உள்ளிட்ட பூச்சிகள் சரக்கில் கிடைத்ததே காரணம். தோட்டத்தில் அழுகியதைவிட, புழு இல்லாத காய்க்கும் சந்தை மூடியதில் இழப்பு அதிகம். மாம்பழத் தடை 2015இன் தொடக்கத்தில் நீங்கியது.

7 ஏப்ரல்

சேதத்தை எப்படிக் கணக்கிடுவது என்பதற்கு வருகிறேன். பூசணிப் பழ ஈயால் 30 முதல் 100 விழுக்காடு இழப்பு என்று கட்டுரைகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அவ்வளவு அகலமான எண் ஒரு தோட்டக்காரருக்கு உதவாது. நான் செய்தது இது: ஒரே வாரத்தில் மலர்ந்த நாற்பது பெண் பூக்களுக்கு நூலில் தேதிச் சீட்டு கட்டினேன். இருபதை அப்படியே விட்டேன். இருபதுக்குப் பூ வாடிய அன்றே காகித உறை போட்டேன். விட்டவற்றில் 14 குத்துப்பட்டன. உறையிட்டவற்றில் ஒன்று, அதுவும் உறை கிழிந்ததால்.

மலர்வதற்கு முன்னரே மூடக்கூடாது. தேனீ வர வேண்டும். இரண்டு நாள் தாமதித்து மூடினால் முட்டையையும் சேர்த்து மூடிவிடுவோம். ஜொகூரில் என் அத்தை வீட்டு நட்சத்திரப் பழத் தோட்டத்தில், பள்ளி விடுமுறைகளில் விரல் நீளப் பிஞ்சுக்குக் காகிதப் பை கட்டியதற்குப் பைக்கு இத்தனை காசு என்று எங்களுக்குக் கூலி உண்டு. அதை அன்று விளையாட்டென்று நினைத்தேன். மலேசியாவின் நட்சத்திரப் பழ ஏற்றுமதியே அந்தப் பைகளை நம்பித்தான் நின்றது. அதே தோட்டத்தில் முசுறு எறும்புக் கூடுகளை அத்தை கலைக்க விடமாட்டார். அவை கடிக்கும் கடிக்குப் பயந்து நாங்கள் அழுவோம். ஈயும் அந்தக் கிளையில் உட்காரப் பயப்படும் என்பார். மலாய்க்காரர்கள் கெரெங்கா என்பது இதைத்தான்.

14 ஏப்ரல்

வெட்கத்தோடு ஒன்றை எழுத வேண்டும். புழு விழுந்த காய்களை ஓராண்டாக எங்கள் மட்கு உரத் தொட்டியில் போட்டு வந்தோம். நேற்றுத் தொட்டியின் அடியைக் கிளறினேன். ஒரு கைப்பிடி மண்ணில் முப்பதுக்கு மேல் கூட்டுப்புழுக்கள். தழைச்சத்துக்காக நாங்கள் ஈப்பண்ணை நடத்தியிருக்கிறோம். பிப்ரவரியிலிருந்து பொறியையும் கவர்ச்சிப் பொருளையும் பற்றி எழுதிக்கொண்டிருந்த நான், பத்தடி தள்ளியிருந்த தொட்டியைப் பார்க்கவில்லை.

இனி, விழுந்த காயை அன்றன்றே பொறுக்கி, தடித்த கறுப்புப் பையில் இறுகக் கட்டி, இரண்டு வாரம் வெயிலில் வைத்த பிறகுதான் தொட்டிக்குப் போகும். மேலாகப் புதைப்பதால் பயனில்லை; புழு மண்ணுக்குள்தானே போக விரும்புகிறது.

15 ஏப்ரல்

குளவிகளும் பைக்குள் சாகுமே என்று ஒருவர் நியாயமாகக் கேட்டார். ஹவாயில் இதற்கென்றே நுண்வலைக் கூடாரம் வைத்து, குளவி வெளியேறவும் ஈ உள்ளேயே சாகவும் வழி செய்கிறார்கள். வலைக்கண்ணின் அளவைச் சரியாகப் பிடிக்க வேண்டும். முயன்று பார்க்கிறேன்.

27 ஏப்ரல்

உட்லண்ட்ஸ் நண்பர் கியூலூர் பொறி மாட்டியிருக்கிறார். பூசணிப் பழ ஈ விழுகிறது. காய்களுக்கு உறையும் போடத் தொடங்கியிருக்கிறார். மிளகாயில் புழு இருக்கிறது, ஆனால் இரண்டு பொறிகளிலும் புதிதாக எதுவும் இல்லை, ஆகவே அது பழ ஈயாக இராது என்கிறார்.

அப்படி முடிவு செய்ய இயலாது. மிளகாயையும் கத்திரியையும் தாக்கும் லாட்டிஃப்ரான்ஸ் என்ற இனம் மெத்தில் யூஜினாலுக்கும் வராது, கியூலூருக்கும் வராது. அதற்கென்று உள்ள கவர்ச்சிப் பொருள் வலுவற்றது. பொறி வெறுமையாக இருப்பது அந்த ஈ இல்லை என்பதற்குச் சான்றாகாது. சிலி பாடி என்னும் சிறு மிளகாய் முதல் பெரிய மிளகாய் வரை, காம்பருகே நிறம் மாறியவற்றைப் பறித்துத் தாருங்கள்.

5 மே

அவர் தந்த 32 மிளகாய்களிலிருந்து இதுவரை 11 கூட்டுப்புழுக்கள். பாகலில் வந்தவற்றைவிடச் சற்றுச் சிறியவை. டப்பா துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் இருக்கிறது. சுற்றும்போது இறக்கி வைக்க வேண்டும் என்று வீட்டில் சீட்டு ஒட்டியிருக்கிறேன்.

17 மே

ஒன்பது ஈக்கள் வந்து, நிறம் பதிந்துவிட்டன. முதுகில் இரண்டு மஞ்சள் கோடுகள், சிறகு நுனியில் சிறு கருந்திட்டு, வயிறு செம்பழுப்பு. அதில் T எழுத்து இல்லை. லாட்டிஃப்ரான்ஸ். ஒன்பதில் ஐந்து பெண். மிளகாய்ச் செடிகளுக்கு நுண்வலைத் துணி வாங்க உட்லண்ட்ஸ் குழு பணம் திரட்டுகிறது. நான்கு பொறிகளுக்கென்று ஒதுக்கிய அதே பணம்தானாம்.